ஒரு சிரட்டையும் ஓர் அழிறப்பரும்: பொருள் இருக்கும் இடத்தை ஆங்கிலத்தில் சொல்ல முழுமையான வழிகாட்டி

மேசையில் கொப்பி இருக்கிறது. பையில் கொப்பி இருக்கிறது. சந்தியில் அண்ணன் நிற்கிறார். மூன்று வாக்கியங்களிலும் தமிழ் ஒரே 'இல்' உருபைக் கொண்டு வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ முதலாவதற்கு 'ஒன்', இரண்டாவதற்கு 'இன்', மூன்றாவதற்கு 'அட்'. மட்டக்களப்பில் என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளும், பாசிக்குடா, அறுகம்பை விடுதிகளில் வேலைக்குப் போக ஆயத்தமாகும் இளைஞர்களும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

பெரும்பாலானவர்கள் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்: 'இன்' என்றால் உள்ளே, 'ஒன்' என்றால் மேலே, 'அண்டர்' என்றால் கீழே. தமிழ்ச் சொல்லில் தொடங்கி ஆங்கிலச் சொல்லைத் தேடினால் ஒன்றுக்கு மூன்று சொற்கள் வந்து நிற்கும். பிள்ளை குழம்பிப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லும். பொருள்கள் எப்படிக் கிடக்கின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடினால் பெரும்பாலும் ஒன்றுதான் பொருந்தும். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில் அமைந்தவை. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் ஐந்தாம் படியில் மாட்டிக்கொண்டு இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டிவரும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு சிரட்டை, ஓர் அழிறப்பர், இரண்டு தீப்பெட்டிகள், ஒரு கொப்பி, ஒரு பென்சில். இவ்வளவும் போதும். சிரட்டையை நிமிர்த்தி வைத்தால் பாத்திரம், கவிழ்த்து வைத்தால் மேடை. ஒரே பொருள் இரண்டு வேலை செய்வதால்தான் அதைத் தேர்ந்தேன்.

மொழியில் தேவையானவை மூன்று. 'இஸ்', 'ஆர்' இரண்டும் எங்கே வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். 'அ', 'த' என்ற சிறுசொற்களை விட்டுவிடாமல் சொல்லப் பழகியிருக்க வேண்டும். வீட்டிலும் தெருவிலும் உள்ள முப்பது பொருள்களின் ஆங்கிலப் பெயர் வாயில் நிற்க வேண்டும். பெயர் தெரியாத பிள்ளைக்கு முன்னிடைச்சொல்லை, அதாவது 'இன்', 'ஒன்' போல இடத்தைக் காட்டும் சொல்லைக் கற்பித்தால் அதன் கவனம் முழுவதும் பெயரைத் தேடுவதிலேயே போய்விடும். அந்த முப்பது சொற்களுக்கு ஒரு வாரம் செலவானாலும் பரவாயில்லை.

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. இங்கே 'ஒன்' என்று எழுதியிருப்பது மேற்பரப்பைக் குறிக்கும் சொல். எண்ணைக் குறிக்கும் சொல் 'வன்' என்று ஒலிக்கும். இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக் காது பழகிய பிறகு தொடங்குங்கள்.

2. இரண்டு பொருள்களையும் பிரித்துவையுங்கள்

இடத்தைச் சொல்லும் எந்த வாக்கியத்திலும் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று நாம் தேடும் பொருள். மற்றது அதைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளப் பொருள். கொப்பியில் தேடும் பொருளுக்கு ஒரு புள்ளியும், அடையாளப் பொருளுக்கு ஒரு பெட்டியும் போடச் சொல்வேன்.

அடையாளப் பொருள் பெரியதாக, அசையாததாக, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். சைக்கிள் பாலத்தில் நிற்கிறது என்று சொல்வோமே தவிர, பாலம் சைக்கிளுக்குக் கீழே இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டோம். தமிழில் இந்தத் தவறு வராது. ஆங்கிலத்தில் வருகிறது, ஏனென்றால் பிள்ளை எந்தப் பெயர் முதலில் நினைவுக்கு வந்ததோ அதை வைத்து வாக்கியத்தைத் தொடங்கிவிடுகிறது. புள்ளியும் பெட்டியும் போட்ட பிறகு வாய் திறந்தால் இது நின்றுவிடும்.

3. வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்

மேசை, க்கு, கீழே, பெட்டி, இருக்கிறது. இது தமிழின் ஒழுங்கு. அடையாளப் பொருள் முதலில் வருகிறது. இடத்தைச் சொல்லும் சொல் அதற்குப் பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் 'த பொக்ஸ் இஸ் அண்டர் த டேபிள்'. தேடும் பொருள், 'இஸ்', இடத்தைச் சொல்லும் சொல், கடைசியில் அடையாளப் பொருள். பெயருக்கு முன்னால் வருவதால்தான் அதை முன்னிடைச்சொல் என்கிறோம்.

இந்தத் திருப்பத்தைக் கையால் செய்து பழக வேண்டும். ஐந்து கடதாசித் துண்டுகளில் தமிழ் வாக்கியத்தின் ஐந்து பகுதிகளையும் எழுதி மேசையில் அடுக்குங்கள். பிறகு ஆங்கில ஒழுங்குக்கு நகர்த்துங்கள். நகர்த்தும்போது 'க்கு' என்ற துண்டுக்கு இடமே கிடைக்காது. அதை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

அந்தத் துண்டை வெளியே வைக்காதவர்கள்தான் 'அண்டர் டு த டேபிள்', 'பிஹைண்ட் டு த டோர்' என்கிறார்கள். தமிழின் 'க்கு' அவர்கள் வாயில் 'டு' ஆகிவிடுகிறது. 'அண்டர்', 'பிஹைண்ட்', 'அபவ்', 'பிட்வீன்', 'ஒப்போசிட்' ஆகியவற்றுக்கு வால் கிடையாது. வால் உள்ளவை சில: 'நெக்ஸ்ட் டு', 'க்ளோஸ் டு', 'இன் ஃப்ரண்ட் ஒஃப்'. இவற்றில் வாலை வெட்டக்கூடாது. 'நெக்ஸ்ட் த ஷொப்' என்பதும் 'இன் ஃப்ரண்ட் த ஹவுஸ்' என்பதும் அதே அளவு தவறு. இந்த மூன்றையும் ஒரே சொல்லாக, மூச்சு விடாமல் சொல்லிப் பழகினால் வால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு திருப்பம் உண்டு. 'கொப்பி மேசையில் இருக்கிறது' என்றால் கேட்பவருக்கு எந்தக் கொப்பி என்று தெரியும். 'மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது' என்றால் அது அவருக்குப் புதிய செய்தி. தமிழில் சொற்களை இடம் மாற்றியே இந்த வேறுபாட்டைக் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது 'த புக் இஸ் ஒன் த டேபிள்', இரண்டாவது 'தேர் இஸ் அ புக் ஒன் த டேபிள்'. இரண்டாவதை 'ஒன் த டேபிள் அ புக் இஸ்' என்று தமிழ் ஒழுங்கிலேயே சொல்பவர்களை வாரந்தோறும் கேட்கிறேன். புதிய பொருளை அறிமுகம் செய்யும்போது 'தேர் இஸ்' என்று தொடங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

4. 'இல்' மூன்றாகப் பிரியும் இடம்

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்துச் செலவாகும் நேரத்தைக் கொடுங்கள். முன்னிடைச்சொற்களில் வரும் தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

அடையாளப் பொருளைப் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். அது தேடும் பொருளைச் சூழ்ந்திருக்கிறதா? அப்படியானால் 'இன்'. அதன் மேற்பரப்பைத் தேடும் பொருள் தொட்டுக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் 'ஒன்'. இரண்டும் முக்கியமில்லை, வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் அதை நினைக்கிறோமா? அப்படியானால் 'அட்'. கேள்விகளை இதே ஒழுங்கில் கேட்க வேண்டும். 'அட்' என்பதை முதலில் எடுத்தால் அது எல்லாவற்றுக்கும் பொருந்துவதுபோல் தோன்றி, மற்ற இரண்டையும் விழுங்கிவிடும்.

சிரட்டையை நிமிர்த்தி அழிறப்பரைப் போடுங்கள்: 'இன்'. கவிழ்த்து அதன் முதுகில் வையுங்கள்: 'ஒன்'. கவிழ்ந்த சிரட்டைக்குள் மறைத்துவிடுங்கள்: 'அண்டர்'. இப்போது அழிறப்பரை ஈரமாக்கி, நிமிர்ந்த சிரட்டையின் வெளிப்பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள். பிள்ளைகள் தயங்குவார்கள். விடை 'ஒன்'. தொட்டுக்கொண்டிருந்தால் போதும், மேலே இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த ஒரு தயக்கத்துக்காகவே சிரட்டையை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

ஏனென்றால் 'ஒன்' என்றால் மேலே என்று பாடமாக்கியவர் கூரையில் ஒட்டியிருக்கும் பல்லியை 'அண்டர் த சீலிங்' என்பார். பல்லி கூரையைத் தொடுகிறது. ஆகவே 'ஒன் த சீலிங்'. சுவரில் தொங்கும் நாட்காட்டி 'ஒன் த வோல்'. அதைத் தாங்கும் ஆணியோ சுவருக்குள் இறங்கியிருப்பதால் 'இன் த வோல்'. தமிழில் பல்லி, நாட்காட்டி, ஆணி மூன்றுக்கும் 'இல்' என்றே சொல்கிறோம்.

அறையை விட்டு வெளியே வாருங்கள். வாவியைப் பாருங்கள். மீன் வாவிக்குள் இருக்கிறது, தண்ணீர் அதைச் சூழ்ந்திருக்கிறது: 'இன் த லகூன்'. படகு தண்ணீரின் பரப்பைத் தொட்டு மிதக்கிறது: 'ஒன் த லகூன்'. கரையோரம் வீடு கட்டியிருப்பவரை 'இன் த லகூன்' என்று சொன்னால் அவர் வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது என்று பொருள். அவருக்கு 'பை த லகூன்'.

மரமும் நல்ல பாடம். கிளைகளுக்கும் இலைகளுக்கும் நடுவே இருக்கும் காகத்தை மரம் சூழ்ந்திருக்கிறது, எனவே 'இன் த ட்ரீ'. காம்பால் ஒட்டியிருக்கும் மாங்காய் 'ஒன் த ட்ரீ'. மரத்தில் சாய்த்து வைத்த சைக்கிளுக்கு இரண்டும் வராது, 'அகெய்ன்ஸ்ட் த ட்ரீ' என்று சொல்ல வேண்டும்.

வாகனங்களுக்கு வேறு சோதனை தேவை. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்தால் 'ஒன்': 'ஒன் த பஸ்', 'ஒன் த ட்ரெயின்'. குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே முடிந்தால் 'இன்': 'இன் த கார்'. முச்சக்கரவண்டியும் அப்படியே. தோணிக்குள் உட்காருகிறோம், ஆகவே 'இன்'. கப்பலில் நடமாடுகிறோம், ஆகவே 'ஒன்'. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மேலே ஏறி உட்காருபவை என்பதால் 'ஒன்'. குருமண்வெளித் துறையில் மண்டூர் போகக் காத்து நிற்பவர் 'அட் த ஃபெரி'. பாதை என்று நாம் சொல்லும், வாவியைக் கடக்கும் மிதவையில் ஏறி நின்றுவிட்டால் 'ஒன் த ஃபெரி'. ஒரே ஆள், ஐந்து நிமிட இடைவெளி, இரண்டு சொற்கள்.

'அட்' பற்றி இப்போது பேசலாம். பஸ் தரிப்பிடம், சந்தி, வாசல், கடை, ரயில் நிலையம் ஆகியவற்றைச் சந்திக்கும் புள்ளியாக நினைக்கும்போது 'அட்'. 'ஐ ஆம் அட் த ஸ்டேஷன்' என்றால் நான் நிலையத்துக்கு வந்துவிட்டேன் என்பதே செய்தி. மேடையில் நிற்கிறேனா, வாசலில் நிற்கிறேனா என்பது கேட்பவருக்குத் தேவையில்லை. மழைக்குக் கட்டடத்துக்குள் ஒதுங்கி நின்றால் 'இன் த ஸ்டேஷன்'. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. ஆகவே நம் நிலையம் இருப்பது 'அட் த எண்ட் ஒஃப் த லைன்'. முடிவும் ஒரு புள்ளிதான்.

'டு' என்பதை இங்கே கலக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்றால் 'டு ஸ்கூல்', பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்றால் 'அட் ஸ்கூல்'. தமிழின் 'க்கு', 'இல்' வேறுபாடு இங்கே அப்படியே பொருந்துகிறது. தமிழ் கைகொடுக்கும் இடங்களில் அதைத் தயங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

முகவரி சொல்வதில் ஒழுங்கு தலைகீழாகும். நாம் மட்டக்களப்பில், பார் வீதியில், 12ஆம் இலக்க வீட்டில் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருவோம். ஆங்கிலத்தில் சிறியதிலிருந்து பெரியதற்குப் போக வேண்டும். இலக்கத்துக்கு 'அட்', வீதிக்கு 'ஒன்', ஊருக்கு 'இன்'. வீதிப் பெயருக்கு 'இன்' என்று சொல்லும் பிரித்தானிய வழக்கும் உண்டு, அது பிழையில்லை. தொடங்குபவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்வது நல்லது.

தீவுக்கு வரும்போது பிள்ளைகள் சரியாகவே சந்தேகப்படுகிறார்கள். புளியந்தீவு வாவியால் சூழப்பட்ட நிலம். தீவை ஒரு நிலப்பரப்பாகப் பார்த்தால் 'ஒன் அன் ஐலண்ட்'. நாட்டின் பெயராகச் சொன்னால் எல்லைக்குள் இருப்பதாக நினைக்கிறோம், 'இன் ஸ்ரீ லங்கா'. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டாலும் குழம்ப வேண்டாம். நிலம் ஒன்றுதான், பார்க்கும் கண் வேறு.

5. மேலே, கீழே

தொட்டுக்கொண்டிருந்தால் 'ஒன்' என்று பார்த்துவிட்டோம். தொடாமல் உயரத்தில் இருந்தால் 'அபவ்'. கரும்பலகைக்கு மேலே மணிக்கூடு: 'அபவ் த ப்ளக்போர்ட்'. மூடிக்கொண்டிருந்தாலோ, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடந்து சென்றாலோ 'ஓவர்'. கல்லடிப் பாலம் வாவியைக் கடந்து நிற்பதால் 'த ப்ரிட்ஜ் ஓவர் த லகூன்'. கவிழ்ந்த சிரட்டை அழிறப்பரை மூடியிருப்பதால் அதுவும் 'ஓவர்'.

பல இடங்களில் 'அபவ்', 'ஓவர்' இரண்டும் பொருந்தும். தலைக்கு மேலே எரியும் விளக்குக்கு எதைச் சொன்னாலும் குற்றமில்லை. அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

'அண்டர்', 'பிலோ' இரண்டுக்கும் அதே உறவு. நேர் கீழே இருந்தால் 'அண்டர்': பாலத்துக்குக் கீழே போகும் தோணி 'அண்டர் த ப்ரிட்ஜ்'. மட்டத்தில் தாழ்ந்திருந்தால், குறிப்பாகத் தாளிலும் படத்திலும், 'பிலோ'. கோட்டுக்குக் கீழே கையொப்பம் இடச் சொல்லும்போது 'பிலோ த லைன்'.

6. முன்னால் என்பதன் மூன்று முகங்கள்

விடுதி வேலைக்குப் போகிறவர்களிடம் இந்தப் படியை நான் இரண்டு முறை செய்விக்கிறேன். என்னிடம் படித்த ஒருவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டுத் தம்பதியருக்குக் கடைக்கு வழி சொன்னார். கோயிலுக்கு முன்னால் என்று நினைத்து 'இன் ஃப்ரண்ட் ஒஃப் த டெம்பிள்' என்றார். கடை வீதியின் மறுபக்கத்தில் இருந்தது. அவர்கள் கோயில் வாசலில் நின்று கொடிமரத்தையும் செருப்பு வைக்கும் இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அவர் சொன்ன ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்கவில்லை. சொன்ன இடம்தான் வேறு.

வீதி, வாவி, நடைபாதை போன்ற ஏதோ ஒன்று நடுவில் இருந்து, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றால் 'ஒப்போசிட்'. நடுவில் எதுவும் இல்லாமல் வாசல் பக்கமாகவே இருந்தால் 'இன் ஃப்ரண்ட் ஒஃப்'. கோயிலின் முன்மதிலை ஒட்டி நிறுத்திய முச்சக்கரவண்டி 'இன் ஃப்ரண்ட் ஒஃப் த டெம்பிள்'. எதிர்க்கடை 'ஒப்போசிட் த டெம்பிள்'. தமிழில் எதிரே என்ற சொல் இருக்கிறது. ஆனால் பேச்சில் முன்னுக்கு என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்லிவிடுகிறோம். ஆகவே முதலில் தமிழில் எதிரே என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் 'ஒப்போசிட்'.

மூன்றாவது முகம் பொருளுக்கு உள்ளேயே இருக்கும் முன்பகுதி. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் 'அட் த ஃப்ரண்ட் ஒஃப் த பஸ்'. அவரை 'இன் ஃப்ரண்ட் ஒஃப் த பஸ்' என்றால் அவர் ஓடும் பஸ்ஸின் வழியில் வீதியில் நிற்கிறார். வகுப்பில் முன் வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் 'அட் த ஃப்ரண்ட்' என்பதே சரி. பின்னாலும் அப்படித்தான்: உள்ளே என்றால் 'அட் த பேக்', வெளியே என்றால் 'பிஹைண்ட்'.

முன்னால் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? வீடு, பஸ், மனிதர் ஆகியவற்றுக்குச் சொந்த முகம் உண்டு. நீங்கள் எங்கே நின்று பார்த்தாலும் வீட்டின் முன்பக்கம் அதன் வாசல் பக்கம்தான். கிணற்றுக்கும் தென்னைக்கும் முகம் இல்லை. அவற்றுக்கு உங்களைப் பார்க்கும் பக்கமே முன். நீங்கள் மறுபுறம் போனால் கிணற்றுக்கு முன்னால் இருந்த வாளி 'பிஹைண்ட் த வெல்' ஆகிவிடும். வீட்டு முற்றத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டுச் சுற்றி நடந்து இதைச் செய்து பாருங்கள். வாயால் விளக்க அரைமணி நேரம் எடுக்கும் விஷயம் நான்கு அடியில் புரிந்துவிடும்.

முன், பின் என்ற சொற்கள் தமிழில் காலத்துக்கும் இடத்துக்கும் பொது. அதனால் 'பிஃபோர் மை ஹவுஸ்', 'ஆஃப்டர் த டோர்' என்று சொல்பவர்கள் உண்டு. நின்றுகொண்டிருக்கும் பொருளின் இடத்துக்கு இவை வேண்டாம். வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வருபவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்முனை பஸ்ஸில் போகும்போது கல்லடிக்குப் பிறகு நாவற்குடா வருகிறது. அங்கே 'ஆஃப்டர் கல்லடி' என்பது முழுச்சரி.

7. பக்கத்தில், இடையில்

இவற்றைச் சுருக்கமாக முடிக்கலாம். இரண்டுக்கும் நடுவே வேறொன்றும் இல்லாமல் ஒட்டினாற்போல் இருந்தால் 'நெக்ஸ்ட் டு' அல்லது 'பிசைட்'. தூரம் குறைவு என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் 'நியர்'. 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலம் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கு 'நெக்ஸ்ட் டு'. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் வரும் கடைகளுக்கு 'நியர்'. பக்கத்தில் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டையும் சொல்வதால், பிள்ளைகள் ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீட்டையும் 'நெக்ஸ்ட் டு' என்கிறார்கள்.

'பிட்வீன்' வந்தால் 'அண்ட்' வந்தே ஆக வேண்டும். காத்தான்குடி, நாவற்குடாவுக்கும் ஆரையம்பதிக்கும் இடையில் இருக்கிறது. தமிழில் 'க்கும்' இரண்டு பெயர்களிலும் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் 'பிட்வீன் நாவற்குடா அண்ட் ஆரையம்பதி', நடுவில் ஒரே ஓர் 'அண்ட்'. தீப்பெட்டிகள் இரண்டையும் எடுத்து நடுவில் அழிறப்பரை வைத்து நான்கைந்து முறை சொன்னால் போதும். தனித்தனியாகப் பெயர் சொல்லாத கூட்டத்துக்குள் இருந்தால் 'அமங்': தென்னைகளுக்கு நடுவே ஒரு வீடு, 'அமங் த கொக்கனட் ட்ரீஸ்'. வயலின் நட்டநடுவில் நிற்கும் மரத்துக்கு இரண்டும் வராது. 'இன் த மிடில் ஒஃப் த ஃபீல்ட்'.

8. திசையும் அக்கரையும்

சூரியன் எழும் பக்கத்துக் கரையை எழுவான்கரை என்றும், படும் பக்கத்துக் கரையை படுவான்கரை என்றும் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். திசை நம் ஊர்ப் பேச்சிலேயே ஊறியிருக்கிறது. ஆகவே இந்தப் படியில் நம் பிள்ளைகள் வேகமாக முன்னேறுகிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரே ஒரு கேள்வி: உள்ளேயா, வெளியேயா, ஓரத்திலா?

மட்டக்களப்பு இலங்கைக்குள் கிழக்குப் பகுதியில் இருக்கிறது: 'இன் த ஈஸ்ட் ஒஃப் ஸ்ரீ லங்கா'. அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு வெளியே, தெற்கே இருக்கிறது: 'டு த சவுத் ஒஃப்'. கடலோரம் என்று சொல்ல வேண்டுமானால் 'ஒன் த ஈஸ்ட் கோஸ்ட்'. 'இன்', 'டு', 'ஒன்' மூன்றையும் இந்த மூன்று வாக்கியங்களோடு மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த ஊருக்கும் அதே அச்சில் சொல்லலாம்.

அக்கரைக்கு 'அக்ரோஸ் த லகூன்' அல்லது 'ஒன் த அதர் சைட் ஒஃப் த லகூன்'. நகரத்தில் நிற்கும் ஒருவருக்கு கொக்கட்டிச்சோலை வாவிக்கு அக்கரையில் இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு 'அக்ரோஸ் த ப்ரிட்ஜ்' என்றும் வழி சொல்லலாம். கொக்கட்டிச்சோலையில் நிற்பவருக்கோ நகரமே அக்கரை. இந்தச் சொல் சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை மறக்காதீர்கள்.

9. படத்தை விவரிக்கும் ஒழுங்கு

பரீட்சைத் தாளில் படத்தைத் தந்து எழுதச் சொன்னால் பிள்ளைகள் கண்ணில் பட்ட முதல் பொருளிலிருந்து தொடங்கி அங்குமிங்கும் தாவுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருந்தும் படம் உருவாவதில்லை. பெரியதை முதலில் வையுங்கள், பிறகு அதைச் சுற்றி அடுக்குங்கள். அப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடையாளப் பொருள் முந்திய வாக்கியத்திலேயே கிடைத்துவிடும்.

கல்லடிக் காட்சி ஒன்றைப் பாருங்கள். 'தேர் இஸ் அ ப்ரிட்ஜ் இன் த மிடில் ஒஃப் த பிக்சர். த ப்ரிட்ஜ் இஸ் ஓவர் அ லகூன். தேர் இஸ் அ போட் அண்டர் த ப்ரிட்ஜ். டூ மென் ஆர் இன் த போட். தேர் இஸ் அ பஸ் ஒன் த ப்ரிட்ஜ். ஒன் த லெஃப்ட், தேர் இஸ் அ ஸ்மோல் ஷொப் பிட்வீன் டூ ட்ரீஸ்.' ஆறு வாக்கியங்கள், ஆறும் சிறியவை. பாலம் முதல் தடவை 'அ ப்ரிட்ஜ்', அதன் பிறகு எப்போதும் 'த ப்ரிட்ஜ்'. அறிமுகமான பொருளை மறுபடியும் 'அ' என்று சொன்னால் படத்தில் இரண்டாவது பாலம் முளைத்துவிடும்.

படம் என்ற சொல்லுக்கே முன்னிடைச்சொல் தவறிப்போவது உண்டு. படம் தாளின் மேல் இருப்பதால் 'ஒன் த பிக்சர்' என்று எழுதுகிறார்கள். காட்சி தன் சட்டத்துக்குள் இருக்கிறது, ஆகவே 'இன் த பிக்சர்'. மேல் விளிம்புக்கு 'அட் த டொப்', கீழ் விளிம்புக்கு 'அட் த பொட்டம்', படத்தின் மூலைக்கு 'இன் த கோர்னர்'. வீதி திரும்பும் முனையானால் 'அட் த கோர்னர்' அல்லது 'ஒன் த கோர்னர்'. இடம் வலம் என்பது பார்ப்பவரின் இடம் வலம். படத்தில் நம்மைப் பார்த்து நிற்கும் சிறுமியின் இடக்கையில் இருக்கும் பை, நமக்கு 'ஒன் த ரைட்' பக்கம் தெரியும். பையைச் சொல்லும்போது 'இன் ஹெர் லெஃப்ட் ஹேண்ட்' என்று கையை வைத்துச் சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

10. முதுகோடு முதுகு உட்கார்ந்து சரிபாருங்கள்

கற்றது நின்றதா என்று அறிய ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் அதைப் பார்க்காமல் வரைய வேண்டும். இருவரும் முதுகைத் திருப்பி உட்கார வேண்டும், ஏனென்றால் முகம் பார்த்தால் கை பேசத் தொடங்கிவிடும். தமிழில் இங்கே, அங்கே என்று சொல்லவும் கூடாது. வரைபவர் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் 'வேர்?' என்று மட்டும் கேட்கலாம்.

முடிந்ததும் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்புப் பேனாவால் வாக்கியத்தைத் திருத்துவதை விட இது எத்தனையோ மடங்கு பயன்தரும், ஏனென்றால் எந்தச் சொல் பொருளை இடம் மாற்றியது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கிறது. படகு பாலத்தின் மேல் ஏறியிருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். கடை வீதியின் தவறான பக்கத்தில் இருந்தால் ஆறாம் படிக்கு. பொருள்கள் எல்லாம் சரியாக இருந்து பெரியது சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் வந்திருந்தால் இரண்டாம் படி இன்னும் முடியவில்லை.

முதல் நாள் மூன்று பொருள்களோடு நிறுத்துங்கள். பிழையின்றி வரையப்பட்ட பிறகு நான்காவதைச் சேருங்கள். என் வகுப்பில் பிள்ளைகள் ஏழு பொருள்களை எட்டுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. அந்த ஏழு பொருள்களைக் கொண்ட படத்தில் பெரும்பாலும் ஒரு வாவி, ஒரு பாலம், ஒரு தோணி இருக்கும். நான் சொல்லாமலே அவர்கள் அதைத்தான் வரைகிறார்கள்.